சவிரிக்கு ஊற்றிய தண்ணீர்

20.10.1957, ஞாயிறு

இன்று பூசை. லியோன் சுவாமி கிளிநொச்சியிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்கள் குடியேற்றத்துக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் மூப்பர் நீக்கிலாப்பிள்ளை முன்னுக்கு முழந்தாளில் நின்று செபமாலை சொல்லுவார், நாங்கள் பின்னுக்கிருந்து பதில் சொல்லுவோம். கோவில் என்று பேர், கிடுகுக் கொட்டில்தான். மூப்பருக்கு அது உரோமாபுரி. செருப்பை எங்கே கழற்றுவது, முக்காட்டை எவ்வளவு இழுத்துப் போடுவது என்று எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்.

பூசை முடிந்து வரும்போது என்னை நிற்பாட்டினார். "பிள்ளை, வயித்தோட முழங்காலில நிக்க ஏலாதெண்டால் கடைசி வாங்கில இரும். நடுவில எழும்பியும் இருந்தும் கோவிலைக் குழப்பாதையும்" என்றார். கலியாணம் முடித்து ஏழு வருஷத்துக்குப் பிறகு வந்த வயிறு. அது அவருக்குக் குழப்படி. வீட்டுக்கு வரும்வரை இதையே சொல்லிச் சொல்லி வந்தேன். இவர் "சரி, விடு திரேசு" என்றார். என் புருஷன் சீமான்பிள்ளைக்குத் தெரிந்த வேதவாக்கியம் அது ஒன்றுதான்.

பின்னேரம் அடுத்த காணி நாகேஸ்வரி நார்த்தங்காய் ஊறுகாயோடு வந்தாள். அவர்கள் சைவம். எங்களைப்போல யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள். இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு வரம்புதான். மூப்பர் சொன்னதைச் சொன்னேன். "உங்கட மூப்பரை எங்கட கோவிலுக்கு ஒரு மாசம் தாங்கோ அக்கா. அங்க ஒருத்தரும் நேரத்துக்கு வருகினமில்லை" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்புப் பிடித்துவிட்டது.

17.11.1957, ஞாயிறு

சுவாமி மாரிகாலத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். வெள்ளம் வந்து பாதை வெட்டுப்பட்டால் அவரால் வரமுடியாது. பிறந்த பிள்ளை தத்தளித்தால் அவருக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஓட வார்த்துக்கொண்டு, பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று சொல்லவேண்டும். கொடுக்கிறவர் வேதக்காரராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை, திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற மனம் இருந்தால் போதும். இதைச் சொன்னபோது மூப்பரின் முகத்தைப் பார்த்தேன். புளி தின்ற முகம்.

நாகேஸ்வரியிடம் சொன்னேன், நீயும் கொடுக்கலாமாம் என்று. "நான் குடுக்கத் தொடங்கினால் உங்கட சுவாமிக்கு வேலை போயிடும்" என்றாள்.

8.12.1957

நாகேஸ்வரிக்குப் பெருங்கதை விரதம் தொடங்கிவிட்டது. மார்கழிச் சட்டித் திதி வரையும் பிள்ளையாருக்கு ஒரு நேரச் சாப்பாடு. வாடிப்போய்த் திரிகிறாள். எங்களுக்கும் கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு ஆயத்தம். பிள்ளை உதைக்கிறான். பெடியன்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். சவிரி என்று பேர்.

22.12.1957

மழை. மழை. மழை.

24.12.1957

நத்தார்ப் பூசை இல்லை. பாதை இல்லாமல் சுவாமி எங்கே வருவது. நாகேஸ்வரியின் வீடு பள்ளம் என்பதால் தண்ணீர் ஏறிவிட்டது. அவளும் புருஷன் வீரகத்தியும் பெட்டி சட்டி, விரதச் சாமான் எல்லாவற்றோடும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கிணறு தளம்பி முற்றத்து வெள்ளத்தோடு ஒன்றாகிவிட்டது. எனக்கு நாரி உளைகிறது. மாதாவே, இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

9.1.1958

எழுத வேண்டும் என்று கொப்பியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இன்று எழுதாவிட்டால் பிறகு எழுதமாட்டேன்.

டிசம்பர் 26, வியாழன். காலையில் நோவு தொடங்கியது. குளக்கட்டு கசிகிறது என்று ஆண்கள் எல்லாரும் மண்மூட்டையோடு போயிருந்தார்கள், இவரும்தான். மருத்துவிச்சி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். நாகேஸ்வரி ஒருத்திதான் பக்கத்தில். மத்தியானம் பிறந்தான். அழவில்லை. முதுகில் தட்டத் தட்ட, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். உதடு நீலம். கை என் பெருவிரல் அளவு.

எனக்கு இரத்தம் நிற்கவில்லை. தலையைத் தூக்க ஏலாது. "நாகேஸ், தண்ணி எடுத்து அவன்ர தலையில ஊத்து. நான் சொல்லுறதைச் சொல்லு" என்றேன். குசினிக்குள் போனவள் வர நேரம் எடுத்தது. நான் அவளைத் திட்டினேன் என்று நினைக்கிறேன். செம்போடு வந்தாள். பிள்ளையை இடக்கையில் ஏந்திக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல ஒரு சொல்லும் தவறாமல் சொல்லி வார்த்தாள். சவிரி என்று பேரையும் சொன்னாள். பிறகு பிள்ளையை என் நெஞ்சில் போட்டாள். விளக்கு வைக்க முதல் போய்விட்டான். 

இவர் வந்தபோது பிள்ளை குளிர்ந்திருந்தது. குசினிக் கதவைக் கழற்றிப் பெட்டி செய்தார்.

அடுத்த நாள் மூப்பர் வந்தார். ஆர் ஞானஸ்நானம் கொடுத்தது என்று கேட்டார். நாகேஸ்வரி என்றேன். "சைவப் பொம்பிளை குடுத்ததை நான் ஞானஸ்நானமெண்டு எடுக்கமாட்டன் பிள்ளை. சுவாமி வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் வேலிக்கு வெளியிலதான்" என்றார். சுவாமி பிரசங்கத்தில் சொன்னதைச் சொன்னேன். "பிரசங்கம் வேற, சேமக்காலை வேற" என்றார். எங்கள் கல்லறை நிலமான சேமக்காலை ஆசீர்வதித்து மந்திரித்த இடம், ஞானஸ்நானம் இல்லாதவர்களை உள்ளே வைக்க முடியாது. என் பிள்ளையைக் கம்பி வேலிக்கு வெளியே பாலைமரத்தடியில் தாட்டார்கள். அங்கே முன்னமே ஒரு சின்ன மேடு கிடக்கிறதாம், இவர் சொன்னார்.

எனக்குப் பால் சுரக்குது. ஆருக்குச் சுரக்குது? ஆண்டவரே, இதையாவது நிப்பாட்டி விடுமன்.

19.1.1958, ஞாயிறு

சுவாமி வந்துவிட்டார். சேற்றுக்குள் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு நடந்து வந்தார். பூசைக்கு முதலே எங்கள் வீட்டுக்கு வந்து நாகேஸ்வரியைக் கூப்பிட்டு விசாரித்தார். மூப்பரும் கூடவே நின்றார்.

"என்ன சொன்னனீர்?" அவள் சொல்லிக் காட்டினாள், ஒரு சொல் தவறவில்லை. "திரேசம்மா என்ன மனதோட செய்யச் சொன்னாவோ அந்த மனதோடதான் செய்தனீரோ?" "ஓம் சுவாமி." "தண்ணி தலையில ஓடினதோ?" "ஓம் சுவாமி. நல்லா ஓடினது. நெத்தியால வழிஞ்சதை நான்தான் துடைச்சுவிட்டனான்."

சுவாமி மூப்பரைப் பார்த்து, "செல்லும்" என்றார். அவ்வளவுதான்.

பின்னேரம் பாலைமரத்தடியில் வெட்டிப் பெட்டியை எடுத்தார்கள். என்னைப் பார்க்க விடவில்லை. சேமக்காலைக்குள் மாதா சுரூபத்துக்குக் கிட்ட வைத்தார்கள். ஞானஸ்நானம் வாங்கிய குழந்தை நேரே மோட்சத்துக்குப் போய்த் தேவதூதரோடு சம்மனசாகிவிடும் என்பதால் சுவாமி கறுப்பு உடுக்கவில்லை, வெள்ளை உடுத்தார். சாவு மணி அடிக்கவில்லை, திருநாள் மணி அடித்தார்கள். அடித்தவர் மூப்பர். அடிக்கட்டும். நன்றாக அடிக்கட்டும் என்று இருந்தது எனக்கு. 

அழுதுகொண்டு நின்றேன். ஆனால் அது வேறு அழுகை.

2.2.1958, ஞாயிறு

இப்போது காலையில் எழும்பியதும் முதல் அர்ச். அந்தோனியாரிடம் போவதில்லை. சவிரியிடம்தான். மோட்சத்தில் எனக்கு ஒரு ஆள் இருக்கிறான். முந்தி நான் செபித்ததெல்லாம் வாய்ப்பாடு ஒப்புவித்தது மாதிரி. இப்போது கதைக்கிறேன். மாட்டுக்கு வருத்தம், புல் தின்னவில்லை, சொல்லுகிறேன். அவனுடைய அப்பாவுக்கு முகம் தெளியவில்லை, சொல்லுகிறேன். மூப்பரைக் கண்டால் நெஞ்சு கொதிக்கிறது, அதையும்தான் சொல்லுகிறேன். கேட்டுக்கொண்டு இருக்கிறான். பத்து நிமிஷம் முழங்காலில் நிற்க முடியாதவள் இப்போது எழும்ப மனமில்லாமல் நிற்கிறேன்.

கோவிலில் பெண்கள் என்னிடம் வந்து, சவிரியிட்டை சொல்லிவிடு என்று தங்கள் தங்கள் குறைகளைச் சொல்லுகிறார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. மூப்பரின் மனைவி மதலேனம்மா மட்டும் வருவதில்லை. தூர நின்று பார்ப்பார்.

19.2.1958, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். நாகேஸ்வரி கண்டுவிட்டு, "இப்பதான் அக்காவின்ர முகம் வடிவா இருக்கு" என்றாள். பொல்லாதவள்.

11.3.1958

கிணறு இறைத்தோம். வெள்ளத்துக்குப் பிறகு இன்றுதான் அடிச் சேறு எடுத்தது. நானும் நாகேஸ்வரியும் வாளி வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தோம். அவள் சேற்றைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். 

"அக்கா, அண்டைக்கு உந்தத் தண்ணி எப்பிடி நாறினது. கக்கூசுக் கிடங்கும் நிரம்பி எல்லாம் ஒண்டாக் கிடந்தது. அதை அள்ளிப் பிள்ளையின்ர தலையில ஊத்த எனக்கு மனம் வரேல்லை."

"அப்ப எதை ஊத்தினனி?"

"பெருங்கதை முடிவு நாளுக்குப் பிள்ளையாருக்கு வார்க்கவெண்டு ரண்டு செவ்விளநி கொண்டந்து வச்சனானெல்லே. அதில ஒண்டை வெட்டி ஊத்தினனான். உங்களிட்டைச் சொல்ல மறந்துபோனன். ஒருத்தரும் வாய் வைக்காத சுத்தமான தண்ணியெல்லோ. பிள்ளையார் கோவிக்கமாட்டார், அவரும் பிள்ளைதானே."

கையிலிருந்த வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டேன். 

12.3.1958

இளநீர்.

13.3.1958

இளவாலை மடத்தில் ஞானோபதேசம் படிப்பித்த மதர் சொன்னது ஒரு எழுத்தும் மறக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர், கடல் தண்ணீர், மழைத் தண்ணீர் எல்லாம் செல்லும், கலங்கலும் செல்லும். பால் செல்லாது, எண்ணெய் செல்லாது, பழச்சாறு செல்லாது, இளநீர் செல்லாது. நாங்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள் என்று இளநீரையும் சேர்த்துச் சொன்னார். அன்று நாங்கள் சிரித்தோம், இளநீரில் ஆரும் ஞானஸ்நானம் கொடுப்பார்களா என்று.

வீடு சுற்றி, முற்றம் முழுக்க, வானத்திலிருந்தும் தண்ணீர். ஒரு சிறங்கை அள்ளியிருந்தால் போதும். அழுக்கு என்று விட்டுவிட்டாள். சுவாமி தண்ணி ஓடினதோ என்று கேட்டார், அவள் ஓம் என்றாள். அவளுக்கு அதுவும் தண்ணிதானே. பொய் சொல்லவில்லை. என்ன தண்ணி என்று கேட்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அப்படியென்றால் சென்மப் பாவம் கழுவுப்படவில்லை. அப்படியென்றால் மோட்சம் இல்லை. நரகமும் இல்லை, வேதனையும் இல்லை, ஆண்டவரின் முகமும் இல்லை — அப்படி ஒரு இடம் இருக்கிறது என்று படிப்பித்தார்கள், லிம்பு என்று. நான் செத்து மோட்சம் போனாலும் அங்கே அவன் இருக்கமாட்டான்.

இரண்டு மாதமாக நான் ஆரோடை கதைச்சனான்?

23.3.1958, ஞாயிறு

இவரிடம் சொல்லவில்லை. ஞாயிறு தவறாமல் சேமக்காலைக்குப் போய்ப் புல் பிடுங்கிவிட்டு வருகிறார். வரும்போது முகம் தெளிந்திருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல? மூப்பர் அறிந்தால் திரும்பவும் வெட்டி எடுப்பித்து வெளியே போடுவார். சட்டப்படி அவர் சரி.

நாகேஸ்வரி வரம்பில் நின்று கூப்பிட்டாள். காது கேட்காதவள் மாதிரிக் குசினிக்குள் போய்விட்டேன்.

6.4.1958, பாஸ்கு

நற்கருணை நன்மை எடுக்கவில்லை. பாஸ்குக்குப் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை எடுக்காதவர் வேதக்காரரே இல்லை என்பார் மூப்பர். எல்லாரும் எழும்பிப் போக, நான் கடைசி வாங்கில் இருந்தேன். சுகமில்லையோ என்று இவர் கேட்டார். ஓம் என்றேன். எல்லாரும் உயிர்த்தார், உயிர்த்தார் என்று பாடினார்கள். எனக்கு ஆத்திரமாக இருந்தது. 

27.4.1958

செபம் வரவில்லை. முழங்காலில் நின்றால் கால் நோகிறது, அவ்வளவுதான்.

1.6.1958

நாடு முழுக்க ஊரடங்கு. கலவரத்தில் தெற்கிலிருந்து அடிபட்டு வந்த தமிழர்கள் கிளிநொச்சியில் வந்து இறங்குகிறார்களாம். சுவாமி அவர்களோடு நிற்கிறார், எங்களிடம் வரவில்லை. மூப்பர் வீடு வீடாக அரிசி சேர்த்து அனுப்பினார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் சாக்கை நீட்டினார். ஊரில் இவ்வளவு சாவு நடக்க, நான் ஒரு சாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கை விடுகுதில்லை.

20.7.1958, ஞாயிறு

இன்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சல்லடைப் பலகைக்கு அந்தப் பக்கம் சுவாமி இருந்தார்.

"இளநீரோ?" என்றார்.

"ஓம் சுவாமி. செல்லுமோ?"

"செல்லாது பிள்ளை."

மழுப்பவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன், அந்த நேரம் மதிக்கவில்லை. ஏரோது வெட்டின குழந்தைகளுக்கு ஆர் ஞானஸ்நானம் கொடுத்தது, அவர்களை மட்டும் எப்படி அர்ச்சியசிஷ்டர்களாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவை சேசுவுக்காகச் செத்தவை என்றார். 

"அப்ப என்ர பிள்ளை ஆருக்காகச் செத்தது?"

மூக்கை உறிஞ்சியது கேட்டது. பிறகு, "சவிரி எங்கை எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. ஆண்டவர் எங்களைச் சட்டத்தால கட்டியிருக்கிறார், தன்னைக் கட்டினதாக எங்கையும் சொல்லேல்லை. அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார். இவ்வளவு காலம் குருமடத்தில் படித்துவிட்டுத் தெரியாதாம். கல்லறையைத் தோண்டுவீர்களோ என்று கேட்டேன். இங்கே கேட்டதை வைத்து வெளியே ஒரு சொல்லும் சொல்லவோ ஒரு காரியமும் செய்யவோ தனக்கு அனுமதியில்லை என்றார். அபராதமாக மூன்று அருள்நிறை மந்திரம் தந்தார்.

கோபத்தோடுதான் மந்திரம் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

24.8.1958

வரம்பில் நாகேஸ்வரி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். மெலிந்துபோனாள். 

"அக்கா, நீங்கள் என்னோட கதைச்சு அஞ்சு மாசம். அண்டைக்கு நான் விரதக்காரி. சாப்பிடாத உடம்போட, கை நடுங்க நடுங்கத் தூக்கினனான். பிள்ளையை நான் சரியாப் பிடிக்கேல்லையோ? என்னாலதான் போனவன் எண்டு நினைக்கிறியளோ? சொல்லிப்போடுங்கோ. நானும் ராவு ராவா அதைத்தான் நினைக்கிறன்."

இவள் இதை வைத்துக்கொண்டா இவ்வளவு நாளும் இருந்தாள்? ஒரு பிள்ளையும் பெறாதவள். அன்றைக்கு என் இரத்தத்தையும் கழுவி, அவனையும் குளிப்பாட்டி, இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்தவள். பிள்ளையாருக்கு வைத்ததை எடுத்து என் பிள்ளைக்கு ஊற்றினவள். அதைவிட நல்லது அவளிடம் இருந்திருந்தால் அதையும் ஊற்றியிருப்பாள்.

"நீ ஒரு பிழையும் விடேல்லை நாகேஸ்" என்றேன். "பிழை என்னிலதான். வா, தேத்தண்ணி குடிப்பம்."

வந்தாள். குடித்தாள். இரண்டு பேரும் குசினி நிலத்தில் இருந்து அழுதோம்.

நான் சொன்னது பொய்யோ? யோசித்துப் பார்த்தேன். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லமாட்டேன். சுவாமி கேட்டாலும் சொல்லமாட்டேன்.

21.9.1958, ஞாயிறு

செபமாலை முடிந்து கோவில் கூட்டிக்கொண்டிருந்தேன். மதலேனம்மா தும்புக்கட்டையோடு வந்து சேர்ந்து கூட்டினார். இவ்வளவு வருஷத்தில் என்னோடு ஒழுங்காகக் கதைத்ததில்லை. சட்டம் பேசும் மனிதனின் மனைவி, அவரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

"திரேசு, உன்ர சம்மனசோட நீ கதைக்கிறனியாம்" என்றார். நான் தலை நிமிரவில்லை. "எனக்காக அவனிட்டை ஒண்டு கேட்டுச் சொல்லுவியோ? என்ர பிள்ளை எங்கை நிக்குதெண்டு. அங்கையிருந்து பார்த்தால் தெரியுமோ எண்டு."

எந்தப் பிள்ளை என்றேன்.

பாலைமரத்தடி மேடு. குடியேறி வந்த முதல் வருஷம், இந்த இடத்தில் ஒரு வீடுகூட ஒழுங்காக எழும்பாத நேரம், காட்டுக்குள்ளே பிறந்த பெண்பிள்ளை. பிறக்கும்போதே உயிரில்லை. சேமக்காலைக்கு நிலம் அளந்து வேலி போட்டவர் மூப்பர்தான். கட்டை நட்டு வரும்போது அந்த மேட்டுக்குக் கிட்ட வந்து நின்றாராம். கொஞ்சம் தள்ளி நட்டால் உள்ளே வரும். நடவில்லை. "சட்டம் எண்டால் எனக்கும்தான் எண்டு சொல்லிப்போட்டு, வீட்டை வந்து மூண்டு நாள் சாப்பிடேல்லை. பிறகு இண்டைவரைக்கும் அதைப் பற்றி ஒரு கதையில்லை. உன்ர பிள்ளையை உள்ளுக்கு எடுத்த அண்டைக்கு மணி அடிச்சுப்போட்டு வந்து, கிணத்தடியில போய் இருந்தவர்."

கேட்டுச் சொல்லுகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். 

நான் மூப்பரை எவ்வளவு வெறுத்தேன்.

12.10.1958

மதலேனம்மா ஒவ்வொரு ஞாயிறும் என்னைப் பார்க்கிறார். கேட்டாயா என்று கேட்கவில்லை, பார்க்கிறார் மட்டும். எனக்கு மோட்சத்தில் ஆள் இருக்கிறது, தனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு, என் முன்னால் தலை குனிந்து நிற்கிறார். என்னால் இதைத் தாங்க ஏலாது. சொன்னால் மூப்பருக்குப் போகும். போனால் சவிரி திரும்பவும் வெளியே. இவருடைய முகம் என்னாகும்? 

சொல்லாவிட்டால் அந்தக் கண்?

19.10.1958, ஞாயிறு

சொல்லிவிட்டேன். கோவிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். "நான் ஒண்டும் கேக்கேல்லை மதலேனம்மா. கேக்க எனக்கு அங்க ஆளில்லை. உங்கட பிள்ளை எங்கை நிக்குதோ, அங்கதான் என்ர பிள்ளையும் நிக்குது." இளநீர்க் கதையைச் சொன்னேன். நாகேஸ்வரி இதை ஒருநாளும் அறியக்கூடாது என்றும் சொன்னேன்.

மூப்பரிடம் சொல்லாதையுங்கோ என்று கேட்க வாய் வரவில்லை. மதலேனம்மா என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். "அப்ப அது தனிய இல்லை" என்றார். 

வீட்டுக்கு வந்து, மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாகச் சவிரியோடு கதைத்தேன். எங்கே நின்றாலும் கேட்கட்டும் என்று கதைத்தேன். இவரிடமும் சொல்லிவிட்டேன். "சரி, விடு" என்று சொல்லுவார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

3.11.1958, திங்கள்

நேற்று ஞாயிறு என்பதால் ஆத்துமாக்கள் திருநாள் இன்று. பூசை முடிந்து எல்லாரும் மெழுகுதிரியோடு சேமக்காலைக்குப் போனோம். நாகேஸ்வரியும் வந்தாள். சவிரியிடம் திரி கொளுத்தி வைத்தேன். அவளையும் இவரையும் அங்கே விட்டுவிட்டு, இன்னொரு திரியோடு படலையால் வெளியே போனேன். ஏன் போகிறேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. பாலைமரத்தடியில் மதலேனம்மா ஏற்கனவே நின்றார். இவ்வளவு வருஷத்தில் திருநாளன்று ஊர் பார்க்க அங்கே நின்றது இதுதான் முதல் தடவையாம். மேட்டில் திரியை வைத்தேன்.

"இளநீர்க் கதையை அண்டைக்கே அவருக்குச் சொல்லிப்போட்டன்" என்றார் மெல்ல. "என்னால வச்சிருக்க ஏலாமல் போச்சு."

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே சுவாமி வரிசை வரிசையாகக் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வந்தார். மூப்பர் தீர்த்தச் சட்டியோடு பக்கத்தில். சவிரியிடம் வந்தார்கள். மூப்பர் நின்றார். ஊர் முழுக்க நிற்கிறது, இப்போது ஒரு சொல் சொன்னால் போதும். குனிந்து சிலுவையில் இருந்த பேரைப் பார்த்தார். பிறகு சட்டியைச் சுவாமிக்கு வாகாக உயர்த்திப் பிடித்தார். சுவாமி தெளித்தார்.

அதுதான் கடைசி வரிசை. சுவாமி கோவில் பக்கம் திரும்பினார். மூப்பர் திரும்பவில்லை. சட்டியோடு நேரே படலைக்கு நடந்தார், படலையைத் தாண்டினார், வேலியைச் சுற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார். ஒருவரையும் பார்க்கவில்லை. சுவாமி கொஞ்சநேரம் அங்கேயே நின்றார். பிறகு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் வந்தார்.

சுவாமி மூன்று தரம் தெளித்தார். செபத்துக்குள் சொல்லுவதற்காக, "பிள்ளையின்ர பேர்?" என்று கேட்டார்.

"பேரில்லை சுவாமி" என்றார் மூப்பர். "வைக்கேல்லை."

"இருக்குது" என்றார் மதலேனம்மா. "வெரோனிக்கா."

மூப்பர் மனைவியைப் பார்த்தார். ஒரே வீட்டில், ஒரே பாயில் இருந்தும் அவருக்கு அது தெரியாது. சட்டி சரிந்து தீர்த்தம் அவருடைய காலில் சிந்தியது.

சுவாமி அந்தப் பேரைச் சொல்லிச் செபித்தார். ஆமென் சொல்லுவது எப்போதும் மூப்பர்தான். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. நானும் மதலேனம்மாவும் சொன்னோம்.